முதல்ல காத்தைப் பாரு

ஐப்பசி மழை நாலாவது நாளாக விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. நெசவாளர்கள் வாழும் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்கவில்லை. குழித்தறியில் தண்ணீர் ஊறி, பாவு நமுத்துவிட்டால் நெசவு நின்றுபோகும். மழைக்காலத்தில் எங்கள் தெருக்கள் இப்படித்தான் பேச்சற்றுக் கிடக்கும். விடிகாலை நாலரை மணிக்கு அத்தையிடமிருந்து போன். "தம்பி, அடுப்பு எரியவே மாட்டேங்குதுடா. பானையில ஆவி வரல. மாவு அப்படியே இருக்குது. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போறியா?"

அத்தை முப்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். கண் மங்கி, ஜரிகை இழை தெரியாமல் போனபிறகு தறியை விட்டுவிட்டு இட்லி போட்டு விற்கிறார். வீட்டுச் சமையலுக்கு கேஸ் உண்டு. வியாபாரத்துக்கும் கேஸே வைத்தால் கையில் ஒன்றும் நிற்காது என்று, மூன்று வருஷம் முன்பு ஒரு பெல்லட் அடுப்பு வாங்கினார். மரத்தூளையும் கடலைத் தோலையும் அழுத்திச் செய்த, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத குச்சித் துண்டுகள்தான் பெல்லட். அடுப்புக்கு அடியில் ஒரு சின்ன ஃபேன். எரிகிறபோது அதன் ஜுவாலை கேஸ் அடுப்பைப் போலவே நிமிர்ந்து நிற்கும். அந்த அடுப்பில்தான் அவர் பிழைப்பு ஓடுகிறது.

நான் போனபோது பின்கட்டுத் தாழ்வாரம் முழுக்கப் புகை. அடுப்புக்குள் மஞ்சளாக, மந்தமாக, ஒரு சாண்கூட எழாமல் தீ அசைந்துகொண்டிருந்தது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னொரு கை பெல்லட்டை அள்ளி உள்ளே போட்டார். இருந்த தீயும் படுத்துவிட்டது. அதற்கு முன்பே ஒரு படி போட்டாகிவிட்டதாம். பாத்திரக் கடைப் பக்கம் இருக்கிற ஒரு ரிப்பேர்காரரிடம் முந்தின வாரம் காட்டியிருக்கிறார். அவர் அடுப்பைத் திறந்துகூடப் பார்க்காமல், ஃபேன் போய்விட்டது, புதுசு மாற்ற 900 ரூபாய் ஆகும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இட்லி விற்கிற அம்மாவுக்கு 900 ரூபாய் சின்னத் தொகை அல்ல.

தீ குறைந்தால் விறகு போடு என்பதுதான் நம் கைக்குப் பழகிய பாடம். பெல்லட் அடுப்பில் அந்தப் பாடம் தலைகீழ். ஒரு கிலோ விறகு முழுசாக எரிந்து தீர சுமார் ஆறு கிலோ காற்று வேண்டும். ஏறத்தாழ ஐந்து கன மீட்டர். ஒரு ஆள் நுழைகிற குளியலறை அளவுக்கு இடத்தை அடைக்கிற காற்று அது. நம் கண்ணுக்கு விறகு தெரிகிறது, காற்று தெரிவதில்லை. அதனால்தான் தீ மங்கும்போது கை விறகுக்குப் போகிறது.

அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். கோரா பட்டில் கால்பங்கு வரை பசை இருக்கும். அதைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்துப் போக்கிவிட்டுத்தான் சாயத்தில் போடுவார்கள். பெரிய செம்பு அண்டா, அடியில் விறகடுப்பு, நூல் சிட்டங்களைக் கம்பில் மாட்டித் திருப்பிக்கொண்டே இருக்கிற இரண்டு பேர். தண்ணீரின் சூடு விட்டுவிட்டு ஏறினால் நூலில் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். ஒரு புடவைக்கான நூல் முழுதும் அன்றைக்கு வீண். அதனால் பட்டறையில் அடுப்பைப் பார்த்துக்கொள்வது சின்ன வேலையாக யாருக்கும் தோன்றியதில்லை. நான் பள்ளிக்கூட விடுமுறையில் போய் நிற்பேன். அடுப்பு மந்தமானால் நான் ஓடிப்போய் ஒரு சவுக்குக் கட்டையை எடுப்பேன். அப்பா தடுத்துவிடுவார். "கட்டையத் தொடாத. முதல்ல காத்தைப் பாரு. சாம்பலத் தள்ளு." நீளமான இரும்புக் கம்பியை விட்டு அடிச்சாம்பலை இழுத்துப் போடுவார். உள்ளே காற்று பாய்கிற சத்தம் எனக்கே கேட்கும். அரை நிமிஷத்தில் தீ அண்டாவின் விலாவைப் பிடிக்கும். புதிதாக ஒரு கட்டையும் போட்டிருக்கமாட்டார்.

அன்றைக்கு அத்தை வீட்டில் அந்த வார்த்தைதான் எனக்கு ஞாபகம் வந்தது. அடுப்பை அணைத்து ஆறவிட்டோம். அன்றைய இட்லியை கேஸிலேயே வைத்து முடிக்கச் சொல்லிவிட்டு, விடிந்தபிறகு அடுப்பைத் தாழ்வார வெளிச்சத்தில் கவிழ்த்தேன்.

இந்த அடுப்பில் காற்றுக்கு இரண்டு வழி. பெல்லட் நிற்கிற சல்லடைத் தட்டுக்கு அடியிலிருந்து கொஞ்சம் காற்று மேலே வரும். அதில் பெல்லட் அரைகுறையாக எரிந்து, அந்தச் சூட்டில் புகைவாயுவாக மாறும். விறகுப் பொருளின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் இப்படி வாயுவாகத்தான் வெளியே வருகிறது, மிச்சம் கரி. அந்த வாயு மேலே எழுந்து வரும்போது, உருளையின் வாய்ப்பக்கம் சுற்றிலும் இருக்கிற சின்னத் துளைகள் வழியே இரண்டாவது காற்று வேகமாகப் பாய்ந்து அதோடு கலக்கும். நாம் பார்க்கிற ஜுவாலை அந்த இடத்தில்தான் பிறக்கிறது. அடிக்காற்று குறைந்தால் வாயுவே பிறக்காது, தீ சின்னதாகிவிடும். மேல்காற்று குறைந்தால் வாயு பிறக்கும், எரியாது. புகையாகப் போய் கண்ணைக் கரிக்கும், பாத்திரத்தின் அடியில் மசியாக அப்பும். அத்தையின் அடுப்பில் இரண்டு கோளாறும் சேர்ந்தே இருந்தன.

மேல்துளைகளில் பாதிக்குமேல் அடைந்திருந்தன. பொங்கி வழிந்த இட்லித் தண்ணீரும் சாம்பலும் சேர்ந்து சுண்ணாம்புபோல இறுகிக் கிடந்தது. சல்லடைத் தட்டில் சாம்பல் உருகிக் கட்டிப்பட்டு, கொல்லன் உலையில் வருமே கிட்டம், அதைப்போல ஒரு வில்லை ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபேனைப் பார்த்தபோதுதான் எனக்கு வருத்தமாகிவிட்டது. அது கெட்டுப்போகவே இல்லை. அத்தை தறியை விட்டாலும், அடுத்த அறையில் தறி ஓடுகிற வீடு. ஊடைநூலைத் தாரில் சுற்றுகிற இடத்திலிருந்து பறக்கிற பட்டுப் பிசிறும் பஞ்சும் மூன்று வருஷமாக அந்த ஃபேனின் வாயில் சேர்ந்து, கம்பளித் துணிபோல மூடியிருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டி எடுத்ததும் ஒரு கைப்பிடி வந்தது. 900 ரூபாய் கொடுத்துப் புது ஃபேன் போட்டிருந்தால் கொஞ்ச நாளைக்கு நன்றாக எரிந்திருக்கும், பிறகு அதன் வாயையும் பிசிறு மூடியிருக்கும்.

துளைகளை விளக்குமாற்று ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்திவிட்டோம். ஆணியை வைத்துக் குடையாதீர்கள் என்று இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். துளை பெரிசானால் காற்று நிறைய வரும் என்று தோன்றும். ஃபேன் தள்ளுகிற காற்று அவ்வளவேதான்; துளை அகன்றால் பாய்ச்சலின் வேகம் போய்விடும், வாயுவுக்குள் ஊடுருவிக் கலக்காது. குழாய்வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் தூரம் பாய்கிறதல்லவா, அந்தக் கணக்கு.

பிறகு ஊதுவத்தி. இதைச் சொல்லிக் கொடுத்தவர் கம்மாளர் தெருவில் பித்தளை வேலை செய்த ஒரு பெரியவர். அடுப்பில் தீ இல்லாமல், ஃபேனை மட்டும் ஓடவிட்டு, கொளுத்திய ஊதுவத்தியை ஃபேன் வாயருகே பிடியுங்கள். புகை உள்ளே இழுக்கப்பட வேண்டும். அப்படியே மேல்துளைகளுக்கு எதிரே கொண்டுபோனால் எல்லா இடத்திலும் ஒரே சீராக விலகி ஓட வேண்டும். ஓரிடத்தில் புகை அசையாமல் நின்றால் அங்கே துளை இன்னும் அடைப்பு. அடுப்பின் உடம்பிலுள்ள ஏதாவது இணைப்பில் புகை வெளியே தள்ளப்பட்டால் அங்கே காற்று ஒழுகுகிறது. ஃபேன் வாயிலேயே புகை வெளியே தள்ளப்பட்டால், யாரோ ரிப்பேரின்போது ஃபேனைத் திருப்பி மாட்டிவிட்டார்கள். சத்தம் ஓங்கிக் கேட்கிறது என்பதால் காற்று வருகிறது என்று நம்பக்கூடாது. பேட்டரியில் ஓடுகிற ஃபேன் என்றால் முழு சார்ஜில் ஒருமுறை பார்க்க வேண்டும். அடைமழையில் கரண்ட் போய்ப் போய் வருகிற நாட்களில் பாதி சார்ஜில் ஓடுகிற ஃபேன் சுற்றும், ஆனால் தள்ளாது.

கடைசியாக மூட்டை. பெல்லட் மூட்டையைத் தாழ்வாரச் சுவரோடு ஒட்டி, தரையிலேயே வைத்திருந்தார். ஒரு பெல்லட்டை எடுத்து ஒடித்தால் 'டப்' என்று முறிய வேண்டும். அத்தையின் மூட்டையில் இருந்தது விரலுக்குள் மண்கட்டிபோல உதிர்ந்தது. தறியை நிறுத்துகிற அதே ஈரம் மூட்டைக்குள்ளும் நுழைந்திருந்தது. ஈரமான பெல்லட்டில் சூட்டின் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடுகிறது. உதிர்ந்த தூளோ பெல்லட்டுகளுக்கு இடையிலுள்ள சந்துகளை அடைத்து, அடிக்காற்றை வழியிலேயே நிறுத்திவிடுகிறது. ஊறி உப்பிப்போன பெல்லட்டை வெயிலில் காயவைத்தாலும் பழைய கெட்டிக்கு வராது. அத்தை முறத்தை எடுத்துப் புடைத்தார். நல்லது ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம். நல்லதை மூடிபோட்ட பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, பலகை மேல் ஏற்றி வைத்தோம்.

புடைத்த தூளைக் கொட்டப் போனவர் நின்றுவிட்டார். "எங்க அம்மா இதையே எரிப்பாங்கடா" என்றார்.

மரத்தூள் அடுப்பை இன்றைக்கு நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் அதிகம் பார்த்திருக்கமாட்டார்கள். தகர டின்னின் நடுவில் ஒரு பாட்டிலையோ உருண்டைக் கட்டையையோ நிறுத்தி, அடியில் பக்கவாட்டிலிருந்து இன்னொரு கட்டையைச் செருகி, சுற்றிலும் மரத்தூளைப் போட்டு இடித்து இடித்துக் கெட்டியாக்குவார்கள். பிறகு இரண்டையும் உருவிவிட்டால் அடியிலிருந்து நடுவழியாக மேலே ஒரு சுரங்கம் கிடைக்கும். பாட்டி அந்தக் கட்டையை உருவுவது ஒரு வித்தை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்லத் திருகித் திருகி எடுப்பார். ஒரு பக்கம் சரிந்தால் அன்றைய அடுப்பு போச்சு. எல்லாவற்றையும் கொட்டி மறுபடி இடிக்க வேண்டும். டின் நிறைய எரிபொருள் இருந்தும் அந்த ஒரு ஓட்டை இல்லாவிட்டால் தீ இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குக் காற்றின் கணக்கு தெரிந்திருந்தது. அரிக்கேன் விளக்கின் சல்லடையில் பூச்சிச் சிறகு அடைத்தால் சிம்னி கருக்கும் என்று அவருக்குத் தெரியும். இஸ்திரிக்காரர் பெட்டியைத் திறந்து காற்றில் ஏன் வீசுகிறார் என்றும் தெரியும். கேஸ் வந்தபிறகு இரண்டு தலைமுறையாக அந்த அறிவு நமக்குத் தேவைப்படவில்லை. விட்டுப்போய்விட்டது.

அப்படி விட்டுப்போன காலத்தில்தான் பெல்லட் அடுப்பு வந்தது. 2006ல் பி.பி. என்கிற எண்ணெய் நிறுவனமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 'ஊர்ஜா' என்ற பெல்லட் அடுப்பைக் கொண்டுவந்தன. அந்தக் கழகத்தில் பேராசிரியர் எச். எஸ். முகுந்தாவும் அவருடைய சகாக்களும் எரிதலை ஆராய்ந்து உருவாக்கிய வடிவம் அது. மகாராஷ்டிரம், கர்நாடகம், தமிழ்நாடு என்று கிராமம் கிராமமாகப் பெண்கள் மூலமாகவே விற்றார்கள். பிறகு ஃபர்ஸ்ட் எனர்ஜி என்ற நிறுவனம் எடுத்து நடத்தியது. சுமார் நாலு லட்சம் அடுப்புகள் போயின. மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் பாத்திரத்தில் ஏறும். இந்த அடுப்புகளில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஏறும். நல்ல பொறியியல், உண்மையான முயற்சி. ஆனால் கரும்புச் சக்கைக்கும் மற்ற விவசாயக் கழிவுக்கும் கிராக்கி வந்து பெல்லட் விலை ஏறியதும் வீடுகள் கைவிட்டன. நிறுவனம் ஓட்டல் சமையலறைகள் பக்கம் திரும்பியது. விலைதான் பெரிய காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இப்படிப்பட்ட அடுப்புகள் நம் வீட்டுப் பரண்களில் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் கோளாறு என்று எதுவும் இல்லை, துளைகள் அடைத்திருந்தன. அடுப்பை விற்றவர்கள் எப்படிக் கொளுத்துவது என்று காட்டினார்கள், எப்படிச் சுத்தம் செய்வது என்று உட்கார்ந்து காட்டவில்லை. பழி மட்டும் அந்தப் பெண்களின் மேல் விழுந்தது, அவர்களுக்கு அடுப்பைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று.

அத்தை செய்துகொண்டிருந்த வேறு சில தவறுகளும் அங்கங்கே நடப்பவைதான். பெல்லட்டை வாய் வரைக்கும் நிரப்பினால் மேல்துளைகள் அதற்குள் புதைந்துவிடும். துளைகளுக்குக் கீழே இரண்டு விரல் இடம் விட வேண்டும். இந்த அடுப்பை மேலிருந்து கொளுத்த வேண்டும், அடியிலிருந்து அல்ல. எரியும்போது நடுவில் ஒரேயடியாக அள்ளிப் போட்டால் தீ மூச்சு முட்டிப்போகும், அன்று விடிகாலை நடந்தது அதுதான். பானை நிற்கிற மூன்று முட்டுகளில் ஒன்று மழுங்கிவிட்டாலும், அகலமான பானை அடுப்பின் வாயோடு ஒட்டி உட்கார்ந்துவிடும். எரிந்த வாயு வெளியேற வழியில்லாவிட்டால் புதுக் காற்று உள்ளே வராது. இன்னொன்று, கடைசிக் கட்டத்தில் வாயு தீர்ந்து கரி மட்டும் மிஞ்சும்போது ஜுவாலை குட்டையாகி நீலமாக மாறும். அது கோளாறு இல்லை. அந்தக் கரியின் சூடு போதும், தாளிக்கலாம், பால் காய்ச்சலாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கனடாவிலிருந்து சித்தப்பா மகன் பேசினான். அங்கே பெல்லட் அடுப்பு சமைப்பதற்கல்ல, பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதற்கு. திருகாணி ஒன்று சுற்றிச் சுற்றிப் பெல்லட்டைத் தானாகவே கொண்டுவந்து போடும். ஃபேன் காற்றை உள்ளே தள்ளாது. புகையை வெளியே இழுக்கும், அந்த இழுப்பில் காற்று உள்ளே வரும். அவன் வீட்டு அடுப்பிலும் தீ சோம்பலாக அசைகிறதாம், கண்ணாடி கருக்கிறதாம். மின்சாரத்தை நிறுத்தி, அடுப்பு ஆறினபிறகு புகைக்குழாயின் வளைவைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். கதவின் ஓரத்துக் கயிற்றுப் பட்டை பழுதா என்று அறிய, ஒரு பண நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்க்கச் சொன்னேன். நோட்டு எளிதாக உருவிக்கொண்டு வந்தால், காற்று தீ இருக்கிற கிண்ணத்தின் வழியாக வராமல் கதவிடுக்கில் குறுக்கே புகுந்துவிடுகிறது என்று அர்த்தம். அவன் வீட்டில் பட்டை நன்றாகத்தான் இருந்தது. குழாய் வளைவில்தான் சாம்பல் ஒரு படி.

இதுவரை சொன்னது தீயைப் பற்றி. இனி சொல்வது உயிரைப் பற்றி, அதனால் இதையாவது மனதில் வையுங்கள். காற்றுக் குறைந்து எரிகிற எந்த அடுப்பும் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தலைவலி, வாந்தி வருவதுபோல ஒரு மயக்கம், பிறகு நினைவு தப்பும். புகையாவது இருமவைத்து வெளியே துரத்தும், இது துரத்தாது. கரிக் கட்டத்தில் புகையே இல்லாமல் கனன்றுகொண்டிருக்கும்போதுதான் இது அதிகம். வீட்டுக்குள் விறகும் கரியும் மண்ணெண்ணெயும் எரிவதால் வருகிற காற்று மாசினால் 2020ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அத்தையின் தாழ்வாரத்தில் மழைச் சாரல் அடிக்கிறது என்று மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டியிருந்தார். அடுப்புக்கும் காற்று இல்லை, அவருக்கும் இல்லை. இரண்டு நாளாகத் தலைவலி என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பக்கத்துத் தார்ப்பாயை அந்த நிமிஷமே அவிழ்த்துவிட்டேன்.

மறுநாள் விடிகாலை நானும் கூடவே இருந்தேன். பானையில் 2 லிட்டர் தண்ணீர். கொளுத்தி, ஃபேனை நடு வேகத்தில் வைத்தோம். 11 நிமிஷத்தில் ஆவி மூடியைத் தள்ளியது. அதற்கு முந்தின வாரம் அரைமணி ஆகியும் வராத ஆவி. ஃபேன் பழைய ஃபேன்தான். செலவு, டிரம்முக்குக் கொடுத்த பணம் மட்டும்.

பெல்லட் அடுப்பு வைத்திருக்கிறவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கவிழ்த்துப் பாருங்கள், ஈர்க்குச்சியும் ஊதுவத்தியும் போதும். அடுப்பு உள்ளே எரிகிறவரைக்கும், எவ்வளவு சாரல் அடித்தாலும், ஒரு ஜன்னலைத் திறந்தே வையுங்கள்.